‘அவன் போய்ச் சேர்ந்திருப்பான்’ என்று ஒரு தாயிடம் சொன்ன பிறகு

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் வசிக்கிறோம். என் மாமிக்கு 72 வயது. அவருடைய இளைய மகனை, அதாவது என் கணவரின் தம்பியை, 2008ஆம் ஆண்டு கொட்டாஞ்சேனையில் அவர் வாடகைக்குத் தங்கியிருந்த அறையிலிருந்து இரவில் வந்த சிலர் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்போது அவருக்கு 24 வயது. கணக்கியல் படிப்பதற்காக அவரை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கூட்டி வந்தவர் என் கணவர்தான். பொலிஸ், மனித உரிமைகள் ஆணைக்குழு, பிறகு வந்த விசாரணைக் குழுக்கள் என்று எல்லாப் படிகளும் ஏறி இறங்கியும் இன்றுவரை ஒரு தகவலும் கிடைக்கவில்லை. மாமி தன்பாட்டில் இருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போவார். வெள்ளிக்கிழமைகளில் பம்பலப்பிட்டியில் மகனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்விப்பார்.

ஆவணியில் என் மகளுக்குத் திருமணம். அதற்காகக் கனடாவிலிருந்து வந்திருக்கும் மாமியின் தம்பி, போன மாதம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், “அக்கா, இவ்வளவு வருசமாச்சு, அவன் போய்ச் சேர்ந்திருப்பான். அந்தியேட்டியைச் செய்து முடியுங்கோ. அவனுக்கும் சாந்தி, வீட்டில நல்ல காரியமும் தடையில்லாமல் நடக்கும்” என்று சொன்னார். மாமி கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து எங்களோடு இருந்து சாப்பிடுவதில்லை, கோவிலுக்கும் போவதில்லை. அறைக்குக் கொடுத்துவிடும் சாப்பாட்டில் பாதி திரும்பி வருகிறது. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மருந்து எடுப்பவர். என் கணவர், “மாமா உண்மையைத்தானே சொன்னார்” என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திவிட்டார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் மனதுக்குள்ளும் அவர் உயிரோடு இல்லை என்றுதான் படுகிறது. அப்படியிருக்க நான் மாமிக்கு எப்படி ஆறுதல் சொல்வது? அது பொய்யாகிவிடாதா?

— வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால், மாமியின் மருந்துகளை எடுத்துக்கொண்டு அவர் வழக்கமாகக் காட்டும் வைத்தியரிடம் இந்த வாரமே ஒருமுறை போய் வாருங்கள். சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு சீனி மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே எடுத்தால், சில வகை மாத்திரைகளுக்கு இரத்தத்தில் சீனியின் அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இன்சுலின் ஏற்றுபவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வயதானவர்களில் அது வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், சம்பந்தமில்லாத பேச்சு என்று வெளிப்படும்போது, வீட்டில் உள்ளவர்கள் அதைக் கவலையால் வந்த மாற்றம் என்று நினைத்து விட்டுவிடுவதுண்டு. நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். சாப்பாடு குறைந்திருக்கிறது என்பதை வைத்தியரிடம் சொன்னாலே போதும், அளவை அவர் பார்த்துக்கொள்வார்.

இனி அந்தச் சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன். உங்கள் கணவரின் மாமா கெட்ட எண்ணத்தோடு பேசியதாக நான் நினைக்கவில்லை. தமக்கையின் காத்திருப்பைத் தூரத்திலிருந்து கேள்விப்பட்டுக்கொண்டிருந்தவர், வந்து நேரில் பார்த்தவுடன் அதை எப்படியாவது முடித்துவைக்க வேண்டும் என்று நினைத்திருக்கலாம். துன்பப்படுகிறவரைக் காயப்படுத்தும் சொற்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட நல்லெண்ணத்திலிருந்தே பிறக்கின்றன. எதிரே இருப்பவரின் வேதனையைப் பார்த்துக்கொண்டிருக்க நம்மால் முடியாமற் போகும்போது, அந்த வேதனைக்கு ஒரு முடிவைச் சொல்லிவிட்டால் நமக்கு மூச்சுவிட முடிகிறது. ஆனால் எண்ணம் நல்லது என்பதற்காக அந்தச் சொல் செய்த வேலை சின்னதாகிவிடாது. அது மாமியிடம் என்ன கேட்டது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வழக்கமான ஒரு சாவில், இறந்துவிட்டார் என்று சொல்லும் பொறுப்பு தாயின் தலையில் விழுவதில்லை. வைத்தியர் சொல்கிறார், சான்றிதழ் சொல்கிறது, கூடத்தில் கிடத்தியிருக்கும் உடல் சொல்கிறது. தாய் அழுதால் போதும், மற்றதை ஊர் செய்துகொள்ளும். உங்கள் மாமியின் விடயத்தில் பொலிஸார் சொல்லவில்லை, நீதிமன்றம் சொல்லவில்லை, கூட்டிக்கொண்டு போனவர்கள் சொல்லவில்லை. இத்தனை வருடங்களாக யாருமே சொல்லாத ஒன்றை, சொல்லக் கடமைப்பட்டவர்கள் சொல்லாமல் விட்ட ஒன்றை, பெற்ற தாயே தன் வாயால் சொல்ல வேண்டும் என்று அன்று கேட்கப்பட்டது. அந்தியேட்டி இறந்த நாளிலிருந்து 31ஆம் நாள் செய்யும் கிரியை. எந்த நாளிலிருந்து எண்ணுவது? திதி வேண்டும் என்று ஐயர் கேட்டால் எந்தத் திதியைச் சொல்வது? ஒரு நாளை யாராவது தெரிந்தெடுக்க வேண்டும். அந்த நாளில் தன் பிள்ளை இறந்தான் என்று தாய் ஒப்புக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு நாளைக் குறிக்கச் சொன்னபோது, “என்ர பிள்ளையை நானே கொன்று போட்ட மாதிரி இருக்குமே” என்று ஒரு தாய் என் முன்னால் இருந்து சொன்னதுண்டு. உங்கள் மாமி அதை வாய்விட்டுச் சொல்லாமல் எழுந்து போயிருக்கலாம்.

அந்தப் பேச்சின் இரண்டாவது பாதி முதற்பாதியைவிடக் கூடுதலாகக் காயப்படுத்தியிருக்கும் என்று எனக்குப் படுகிறது. “நல்ல காரியம் தடையில்லாமல் நடக்கும்” என்றால், இப்போது தடையாக இருப்பது எது? மாமியின் காத்திருப்புத்தான். மகனுக்காக வைத்திருந்த நம்பிக்கை, பேத்தியின் திருமணத்துக்குக் குறுக்கே நிற்கும் ஒரு குறையாக எல்லாருக்கும் முன்னால் ஆக்கப்பட்டுவிட்டது. நம் வீடுகளில் வயதான பெண்கள், அதிலும் கணவனை இழந்தவர்கள், நல்ல காரியங்களில் தாமாகவே பின்னுக்கு ஒதுங்கி நிற்கப் பழக்கப்பட்டவர்கள். அந்தப் பழக்கத்தோடு இந்தச் சொல்லும் சேர்ந்தபோது, மாமி இந்தக் கலியாண வீட்டிலிருந்து தன்னையே விலக்கிக்கொள்கிறாரோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. அவர் மேசைக்கு வராததைக் கோபம் என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். பேத்திக்குத் தன்னால் ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்ற நினைப்பும் அதற்குள் இருக்கக்கூடும்.

கோவிலுக்குப் போகாமல் விட்டதையும் நான் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். பெயரும் நட்சத்திரமும் சொல்லிச் செய்யும் அர்ச்சனை உயிரோடு இருப்பவருக்கானது. வெள்ளிக்கிழமைதோறும் ஐயரின் வாயிலிருந்து அந்தப் பெயர் உயிருள்ளவர்களின் பெயர்களோடு ஒன்றாக வருவதைக் கேட்பது, மாமி தன் பிள்ளைக்குச் செய்ய முடிந்த ஒரே காரியமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போவதும் அப்படித்தான். காணாமற்போனதைத் தேடித் தருபவர் என்று சைவ வீடுகளிலிருந்தும் அவரிடம் போகும் தாய்மார் கொழும்பில் நிறையப் பேர். “அவன் போய்ச் சேர்ந்திருப்பான்” என்று வீட்டின் பெரியவர் ஒருவரே எல்லாருக்கும் முன்னால் சொன்ன பிறகு, அதே தட்டை வாங்கிக்கொண்டு அதே பெயரைச் சொல்லும்போது அருகில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் வந்துவிடும். மாமி இழந்திருப்பது ஒரு நேரச் சாப்பாட்டை மட்டுமில்லை, கிழமையின் இரண்டு நாட்களில் அவருக்கிருந்த இடத்தையும்தான்.

அமெரிக்க உளவியலாளர் போலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு 1970களில் செய்த ஆய்வுகளின் ஊடாக, இத்தகைய இழப்பைச் சாவினால் வரும் இழப்பிலிருந்து வேறாகப் பிரித்துக் காட்டினார். ஆள் கண்முன்னே இல்லை, ஆனால் மனதில் முழுமையாக இருக்கிறார். இருக்கிறாரா இல்லையா என்று உறுதிப்படுத்தவும் வழியில்லை. இந்த நிலையில் இருப்பவருக்குத் துக்கம் வழக்கமான பாதையில் போய் ஆறுவதில்லை. இது அவருடைய மனப்பலவீனம் அன்று, சூழ்நிலை அவரை அப்படிக் கட்டிவைத்திருக்கிறது என்பது பாஸ் வலியுறுத்திய விடயம். ஆகவே “முடித்துவிடு” என்று வற்புறுத்துவது இவர்களுக்கு உதவாது என்பதையும், “வரலாம், வராமலும் போகலாம்” என்ற இரண்டையும் ஒருசேர மனதில் வைத்துக்கொண்டு வாழக் கற்பதே இவர்களுக்குக் கைகொடுக்கும் என்பதையும் அவர் விளக்கியிருக்கிறார். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது, மாமி இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே தன் வழியில் செய்துவந்திருக்கிறார் என்றே எனக்குத் தெரிகிறது. வீட்டு வேலையைப் பார்த்தார், பேத்தியை வளர்த்தார், இரண்டு கோவில்களுக்கும் போனார், இரவில் நித்திரை கொண்டார். குலைந்தது அந்தச் சமநிலைதான்.

இந்த நாட்டில் மாமியைப் போன்றவர்கள் எத்தனையோ பேர். சர்வதேச செஞ்சிலுவைக் குழு தன்னிடம் பதிவு செய்யப்பட்டிருக்கும் காணாமற்போனோர் 16,000க்கும் அதிகம் என்று சொல்லியிருக்கிறது; அதில் 5,000க்கும் மேற்பட்டவர்கள் அரச படைகளைச் சேர்ந்தவர்கள். கொழும்பிலிருந்து அதிக தூரமில்லாத சீதுவை ரத்தொழுவையில், எண்பதுகளின் இறுதியில் காணாமற்போன பிள்ளைகளுக்காகச் சிங்களத் தாய்மார் ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 27ஆம் திகதி கூடுகிறார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியில், காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டு வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரை எல்லாருக்கும் தெரியும். 2020 ஜனவரியில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, ஐக்கிய நாடுகள் அமைப்பின் வதிவிட ஒருங்கிணைப்பாளரைச் சந்தித்தபோது, காணாமற்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று கூறியதாக அவருடைய ஊடகப் பிரிவே அறிக்கை விட்டது. ஒவ்வொருவரும் எங்கே, எப்போது இறந்தார் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. உண்மை தெரியாமல் காத்திருக்கும் ஒரு தாய்க்கு, விவரம் இல்லாத முடிவு ஒரு பதிலாகாது. அது தன் கேள்வியை மூடிவைக்கும் முயற்சியாகவே அவருக்குப் படும். நாட்டின் தலைவர் சொன்னாலும், கூடப் பிறந்த தம்பி சொன்னாலும், கேட்கிற காது ஒன்றுதான்.

உருகுவேயில் காணாமலாக்கப்பட்ட ஒரு பெண்ணின் தாய் செய்த முறைப்பாட்டில், ஐ.நா. மனித உரிமைகள் குழு 1983ஆம் ஆண்டில் ஒரு முக்கியமான முடிவுக்கு வந்தது. மகளுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் வாழ்வதால் தாய்க்கு ஏற்படும் வேதனையும் ஓர் உரிமை மீறலே, அந்தத் தாயும் பாதிக்கப்பட்டவரே என்று அது ஏற்றுக்கொண்டது. இதை நான் உங்களுக்கு எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. வீட்டில் உள்ளவர்கள் மாமியை, பாதிக்கப்பட்ட ஒருவரின் தாய் என்றே பார்ப்பீர்கள். அவர் மீதே ஒரு கொடுமை நடந்தது, அது இன்னும் முடியவில்லை என்று பார்க்கத் தொடங்கினால், அவரிடம் என்ன பேசலாம் என்ன பேசக்கூடாது என்பதில் பாதி தானாகவே தெளிந்துவிடும்.

முடிவைச் சொல்லும் சொல் மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். “கட்டாயம் எங்கேயோ இருப்பான், வருவான்” என்று அடித்துச் சொல்வதும் அதே அளவுக்குப் பொறுப்பற்ற பேச்சுத்தான். இன்ன முகாமில் கண்டோம், இன்ன சிறையில் இருக்கிறார், ஆளைக் காட்ட இவ்வளவு பணம் வேண்டும் என்று சொல்லி நகையை விற்க வைத்தவர்களால் இத்தகைய குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஏமாற்றும் நோக்கமில்லாமல், ஆறுதலுக்காக மட்டும் சொல்லப்படும் உறுதிமொழியும் அடுத்த கிழமையே தாயைத் தனியே விட்டுவிட்டுப் போய்விடுகிறது. தகப்பன் காணாமற்போன ஒரு பையனை எனக்குத் தெரியும். அடையாளம் தெரியாதபடிதான் சொல்கிறேன். பெரியப்பா அவனை ஆடி அமாவாசை விரதம் பிடிக்கச் சொன்னார், அம்மம்மா “அப்பா வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவார்” என்றார். தகப்பனை இழந்தவர்கள் பிடிக்கும் விரதத்துக்கும், தகப்பன் வருவார் என்ற வாக்குக்கும் நடுவில் அந்தப் பிள்ளை யாரிடமும் ஒன்றும் கேட்காமல் வாயை மூடிக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தை ஒவ்வோர் ஆண்டும் வெறுமையாக விட்டான். அவனிடம், “உனக்கு எப்படித் தோன்றுகிறது?” என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது. கொழுந்தன் உயிரோடு இல்லை என்று உங்களுக்குப் படுகிறது. அப்படித் தோன்றுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நடந்தவற்றை வைத்துப் பார்க்கும் எவருக்கும் அப்படித் தோன்றும், மாமிக்கும் சில இரவுகளில் அப்படித் தோன்றியிருக்கும். ஆனால் அது உங்களுடைய அனுமானம். உங்களுக்குத் தெரிந்தது என்று சொல்லக்கூடியது, 2008இல் கூட்டிக்கொண்டு போனார்கள், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை என்பது மட்டும்தான். “எங்களுக்குத் தெரியாது மாமி” என்று சொல்லும்போது நீங்கள் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் இன்று சொல்லக்கூடியவற்றுள் முழு உண்மையான வசனம் அதுவேதான். மாமியே ஒரு நாள் உங்கள் முகத்தைப் பார்த்து, “நீ என்ன நினைக்கிறாய், அவன் இருக்கிறானா?” என்று கேட்டால், அப்போதும் நழுவ வேண்டாம். “சில நேரம் இல்லையோ எண்டு பயமா இருக்குது மாமி, ஆனால் எனக்குத் தெரியாது. நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?” என்று சொல்லலாம். கேட்ட பிறகு, அவர் சொல்லி முடிக்கும்வரை இருங்கள்.

இப்போதைக்கு அவர் கேட்கப் போவதில்லை, ஆகவே நீங்கள்தான் போக வேண்டும். யாரும் இல்லாத ஒரு பின்னேரத்தில் தேநீரோடு அவருடைய அறைக்குப் போய், “மாமி, அண்டைக்கு மாமா அப்பிடிச் சொன்னது எனக்குச் சரியாப் படேல்லை. நான் அந்த இடத்தில ஒண்டும் சொல்லாமல் இருந்திட்டன், அது எனக்குக் கவலை” என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள். “அவர் உங்களில இருக்கிற பாசத்திலதான் சொன்னவர்” என்று தொடராதீர்கள்; மாமாவுக்காக வாதாட வேண்டிய நேரம் அது இல்லை, அப்படித் தொடர்ந்தால் மாமி மறுபடியும் மற்றவர்களுடைய மனதைச் சமாதானப்படுத்த வேண்டியவராகிவிடுவார். அவர் ஒன்றும் பேசாமல் இருந்தால், இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து தேநீரைக் குடியுங்கள். அழுதால், அழ வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை, “நானும் வாறன் மாமி, ரெண்டு பேருமாப் போவம்” என்று சொல்லி அர்ச்சனைக்குக் கூடப் போய்ப் பாருங்கள். ஐயரிடம் பெயரையும் நட்சத்திரத்தையும் மாமி சொல்லத் தயங்கினால் நீங்கள் சொல்லலாம். அந்த ஒரு செயல், நூறு ஆறுதல் வார்த்தைகள் செய்யாததைச் செய்யும் என்று நான் நம்புகிறேன். அவருக்காக அர்ச்சனை செய்விப்பவர் அந்த வீட்டில் மாமி ஒருவர்தான் என்ற நிலை அத்தோடு மாறிவிடும்.

கொழுந்தனுடைய பெயரை வீட்டில் சாதாரணமாகச் சொல்லுங்கள். அவருக்குப் பிடித்த கறி, அவர் சின்ன வயதில் செய்த குழப்படி, தமையனோடு போட்ட சண்டை என்று எதுவாகவும் இருக்கலாம். “இருந்தார்” என்றா “இருக்கிறார்” என்றா சொல்வது என்று தடுமாற்றம் வரும். மாமி எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல்லுங்கள். அவரைப் பற்றிப் பேசினால் மாமி உடைந்துவிடுவார் என்று பயந்து பெயரையே எடுக்காமல் இருக்கும் வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அங்கே தாய்மார், பிள்ளையை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியில் நின்று போக வேண்டும் போலிருக்கிறது. தம்பியைக் கொழும்புக்குக் கூட்டி வந்தவர் அவர். கூட்டி வராமல் விட்டிருந்தால் என்ற எண்ணம் இத்தனை வருடங்களில் அவருக்கு ஒரு நாளும் வந்திருக்காது என்று நினைக்கிறீர்களா? தம்பி இறந்துவிட்டான் என்ற முடிவு, சில ஆண்களுக்கு அந்தக் கேள்வியின் கதவைச் சாத்தி வைக்கப் பயன்படுகிறது. “மாமா உண்மையைத்தானே சொன்னார்” என்று அவர் சொன்னபோது, தாயின் மீது இரக்கமில்லாமல் சொன்னதாக எனக்குப் படவில்லை. அந்தப் பேச்சு இன்னும் நீண்டால் எங்கே போய் முடியும் என்ற பயம் அதில் இருந்திருக்கலாம். அவரிடம் மாமாவின் சொல் சரியா பிழையா என்று விவாதிக்க வேண்டாம். “தம்பியைப் பற்றி நீங்கள் என்னோடயும் கதைக்கிறதில்லை, கதைக்க வேணும் போல இருந்தால் நான் இருக்கிறன்” என்று ஒருமுறை சொல்லி வையுங்கள். “நீங்கள் கூட்டிக்கொண்டு வந்ததால்தானே” என்ற சொல் மட்டும், எந்தக் கோபத்திலும், எந்தக் காலத்திலும், அந்த வீட்டில் எவருடைய வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது. கடத்தியவர்கள் செய்த குற்றத்தைப் படிக்கக் கூட்டி வந்த தமையனின் தலையில் கட்டும் சொல் அது. இத்தகைய ஒரு சொல்லுக்குப் பிறகு ஒரே வீட்டுக்குள் பேச்சில்லாமல் வாழ்ந்த சகோதரர்களை எனக்குத் தெரியும்.

மாமாவிடம் பேச வேண்டியதும் அவசியம். அவர் திருமணம் முடியும்வரை இங்கேயே இருக்கப் போகிறவர். இந்தப் பேச்சு இன்னொரு தடவை எழுந்தால் மாமி தாங்கமாட்டார். உங்கள் கணவர் பேசினால் நல்லது, முடியாவிட்டால் நீங்களே பேசலாம். ஆட்கள் இல்லாத நேரம் பார்த்து, மரியாதை குறையாமல், “மாமா, நீங்கள் அக்காவை நினைச்சுத்தான் சொன்னனீங்கள். ஆனால் அந்த முடிவை எடுக்க வேண்டியவ அவதான். அவவாத் தொடங்கினால் ஒழிய இனி அந்தக் கதையை எடுக்காதையுங்கோ” என்று சொல்லுங்கள். தமக்கையிடம் அவர் ஏதாவது சொல்ல விரும்பினால், “அக்கா, நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது” என்ற அளவு போதும். ஏன் சொன்னேன், எதற்காகச் சொன்னேன் என்று விளக்கத் தொடங்கினால் அது மறுபடியும் அதே வாதமாகிவிடும். திருமணத்துக்கு வரப்போகும் மற்ற உறவினர்கள் எல்லாருக்கும் முன்கூட்டியே அறிவுறுத்தி வைக்க முடியாது. ஆனால் யாராவது தொடங்கினால் இடையிட்டு, “அதை மாமி பார்த்துக்கொள்ளுவா” என்று சொல்லிப் பேச்சை மாற்ற ஒருவர் பக்கத்தில் இருக்கலாம். உங்கள் மகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். தன் திருமணத்தால்தான் அப்பம்மாவுக்கு இந்த வேதனை வந்தது என்று அந்தப் பிள்ளை மனதுக்குள் வைத்துக்கொண்டு இருக்கலாம்.

திருமணத்தைப் பொறுத்தவரை, மாமிக்கு ஒரு வேலையைக் கொடுங்கள், பெயரளவுக்கு அல்ல, அவர் இல்லாமல் நடக்காத ஒரு வேலையை. பொன்னுருக்கலுக்கோ பலகாரத்துக்கோ அவருடைய கையும் கணக்கும் தேவைப்படும். பேத்தியே போய், “அப்பம்மா, நீங்கள் வராட்டில் எனக்குச் சரிவராது” என்று கூப்பிடட்டும். தடை என்ற சொல்லுக்கு அந்த வீடு கொடுக்கக்கூடிய பதில் அதுதான். வீட்டில் ஒருவர் காணாமற்போயிருப்பதால் திருமணம் செய்யக் கூடாது என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை என்பதை உங்கள் ஐயரிடமே கேட்டு, அவர் வாயாலேயே மாமிக்குச் சொல்ல வைத்தால் இன்னும் நல்லது.

சொத்து, வங்கிக் கணக்கு போன்ற தேவைகளுக்காக யாராவது மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்னால் அவசரப்பட வேண்டாம். 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் ஒன்றின் மூலம், இறந்தார் என்று சொல்லாமல், ஆளைக் காணவில்லை என்பதையே அத்தாட்சிப்படுத்தும் ஒரு சான்றிதழைப் பதிவாளர் நாயகம் திணைக்களத்திடம் பெற வழி செய்யப்பட்டிருக்கிறது. அந்தக் கடதாசி, மாமியைப் பொய் சொல்ல வைக்காது. அதே ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் கொழுந்தனின் விபரம் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இவை எதையும் மாமிக்குத் தெரியாமல் செய்யாதீர்கள்.

நான் சொன்னவற்றைச் செய்தும் இரண்டு கிழமைகளுக்கு மேல் மாமி சாப்பிடாமல், நித்திரை இல்லாமல், எவரோடும் பேசாமல் இருந்தால், அல்லது “நான் இருந்து என்ன” என்பது போன்ற பேச்சு வந்தால், அதை வயதானவர்களின் வழக்கமான புலம்பல் என்று விட்டுவிடாமல் மனநல வைத்தியர் ஒருவரிடம் கூட்டிச் செல்லுங்கள். அரச வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்குகளில் இலவசமாகவே காட்டலாம். இரவிலும் அவசரம் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரையும் கேட்டுப் பாருங்கள். போவதற்கு முன், மகனைப் பற்றிப் பேச வைப்பதற்காகக் கூட்டிப் போகவில்லை, நித்திரைக்கும் பசிக்கும்தான் என்று மாமிக்குச் சொல்லலாம், அது உண்மையும்கூட.

ஒருவேளை இன்னும் சில மாதங்களிலோ வருடங்களிலோ, மாமியே ஒரு நாள், “அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து விடுவம்” என்று சொல்லக்கூடும். சொல்லாமலே வாழ்ந்து முடிக்கவும் கூடும். இரண்டும் அவருடைய உரிமை. சொன்னால், “அப்பாடா” என்ற நிம்மதியை முகத்தில் காட்டிவிடாதீர்கள், உடனே நாள் பார்க்கவும் ஓடாதீர்கள். எப்படிச் செய்ய விரும்புகிறார், எங்கே, யார் யார் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அடுத்த நாள் காலையில் மனம் மாறி, “வேண்டாம், இன்னும் கொஞ்சம் பார்ப்பம்” என்று அவர் சொன்னால், சரி மாமி என்று விட்டுவிடுங்கள். அதற்காக யாராவது வந்திருந்தால், அவர்களுக்கு நீங்கள் சமைத்துக் கொடுத்து அனுப்பினால் போயிற்று.